இடது ஸ்பீக்கர்

தளவாய் வலது ஸ்பீக்கரின் துணி மூடியைக் கழற்றி விரலை வைத்ததுதான் தாமதம், உள்ளே கூம்பைச் சுற்றி ஒட்டியிருந்த பஞ்சு வளையம் பொலபொலவென்று உதிர்ந்தது. பதினாறு வருசத்துச் சாரல் அதைத் தின்று தீர்த்திருந்தது. இடது பக்கத்தையும் கழற்றிப் பார்த்தான். அதில் கறுப்பு ரப்பர் வளையம், புத்தம் புதிதாக. ஒரே நாளில் வாங்கின ஜோடியில் ஒன்று மட்டும் எப்படி இளமையாக இருக்கிறது என்று மனைவியைக் கூப்பிட்டுக் கேட்டான். ரிப்பேர் பண்ணியது என்று மட்டும் சொல்லிவிட்டு, அனுசியா தையல் அறைக்குள் போய்விட்டாள்.

அவள் சொல்லாமல் விட்டது இதுதான். ராணுவத்திலிருந்த தளவாய் அந்த ஸ்டீரியோவைக் கேன்டீனில் வாங்கி, மூன்று நாள் ரயிலில் குழந்தையைப் போலக் கொண்டுவந்து, இலஞ்சி வீட்டு ஹாலில் ஷோகேஸுக்கு இரண்டு பக்கமும் நிறுத்தினான். லீவு முடிந்து அவன் போனதும் ஹாலில் பாட்டுக் கேட்க யார் இருக்கிறார்கள்? அனுசியாவின் பகல் முழுக்கத் தையல் மிஷினோடு. அந்தச் சின்ன அறையில் ஒன்றுக்குத்தான் இடம். நீள வயர் வாங்கி ஜன்னல் வழியாக இழுத்து, இடது ஸ்பீக்கரை மட்டும் அங்கே தூக்கிப்போனாள். வலது ஹாலிலேயே ஊமையாக நின்றது. அவன் லீவில் வருவதற்கு முந்தின நாள் இடதைத் துடைத்துப் பழைய இடத்தில் வைத்துவிடுவாள்; ரயில் ஏறியதும் மறுபடி தூக்குவாள். அவன் திட்டுவான் என்றல்ல. வைத்தது வைத்த இடத்தில் இருந்தால் அவனுக்கு ஒரு நிம்மதி, அதை ஏன் கெடுக்க வேண்டும் என்றுதான்.

இந்தத் தடவை அவன் பென்ஷனோடு வந்துவிட்டான். திரும்பிப் போக டிக்கெட் கிடையாது. மூன்று வாரமாக அவள் மிஷினின் கடகடப்பை மட்டும் கேட்டுத் தைக்கிறாள். போனில் பாட்டுப் போட்டால் அந்தச் சத்தத்தில் கொசு மாதிரி முனகுகிறது. ஒரு ரவிக்கைக்கு இடது கையையும் வலது கையையும் மாற்றி வைத்துத் தைத்து, பிரித்து, மறுபடி தைத்தாள். எரிச்சல் அவன் மேலா தன் மேலா என்று தெரியாமல் எல்லார் மேலும் வந்தது.

தளவாய் முடிவெடுத்துவிட்டான். பழசைக் கழித்துக்கட்டிவிட்டு, இடுப்பு உயரத்தில் புதுசாக இரண்டை ஹாலில் நிறுத்துவது. சனிக்கிழமை அவளைப் பைக்கில் ஏற்றிக்கொண்டு, குற்றாலத்துக்கு வருகிற சீசன் கூட்டத்துக்கு எதிராக ஹாரன் அடித்தபடி தென்காசிக்குப் போனான். கடைக்காரர் என்ன பாட்டுப் போட என்று கேட்டதும் அனுசியா தன் போனை நீட்டினாள். இடது பக்கம் அவளுக்கு மனப்பாடமான வயலின். வலது பக்கமிருந்து ஒரு புல்லாங்குழல் அதற்குப் பதில் சொல்லிக்கொண்டே வந்தது. எத்தனை நூறு தடவை கேட்ட பாட்டு! அதில் புல்லாங்குழல் உண்டு என்பதே அவளுக்குத் தெரியாது. அழுகை முட்டிக்கொண்டு வந்தது. தளவாய் அவள் முகத்தைப் பார்த்தான். பிடித்துவிட்டது என்று நினைத்து பில் போடச் சொன்னான்.

"இருங்க. இத எங்கன வைக்கப்போறிய?"

"ஹால்லதான். வேற எங்கன?"

"நான் ஹால்ல இருக்கல. தையல் ரூம்ல இருக்கேன்."

பிறகு எல்லாவற்றையும் சொன்னாள். வயர் வாங்கினது, ஒவ்வொரு லீவுக்கும் தூக்கினது, ரேடியோ ரிப்பேர் பண்ணுகிற பேச்சிமுத்து அண்ணாச்சியிடம் கொடுத்து ரப்பர் ஒட்டினது. கடைக்காரர் நாகரிகமாக வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏட்டி, அப்ப இத்தன வருசமும் ஒத்த ஸ்பீக்கர்லயா கேட்ட?" என்றான் தளவாய். "எங்கிட்ட சொல்லியிருக்கலாம்லா."

"இப்ப சொல்லுதேன். புதுசு வேண்டாம். அந்த வலதுக்கும் வளையம் ஒட்டுங்க. ரெண்டும் என் ரூமுக்கு வரணும்."

"அங்கன எடம் இல்லியே."

"எடம் பண்ணுவோம்."

பில் வேண்டாம் என்று கையைக் காட்டிவிட்டு அவன் பைக்கை எடுத்தான். சொன்னதை மாற்றிக்கொள்ள அனுசியாவுக்குத் தோன்றவில்லை. மறுநாள் அவனே வலது ஸ்பீக்கரைப் பேச்சிமுத்துவிடம் கொண்டுபோனான். நாலாம் நாள் அது திரும்பி வந்ததும், அவளுடைய நூல்கண்டு அலமாரியை ஓரம் தள்ளி, சுவரில் பலகை அடித்து, மிஷினுக்கு இரண்டு பக்கமும் சம தூரம் வரும்படி அளந்து வைத்தான். நடுவில் உட்கார்ந்தால்தான் ஸ்டீரியோ என்று அவளுக்குப் பாடம் வேறு. நடுவில் இருந்தது அவளுடைய ஸ்டூல்.

பாட்டுப் போட்டார்கள். தளவாய் ஹாலிலிருந்து ஒரு நாற்காலியைத் தூக்கி வந்தான். துணி வெட்டும் மேசை வழியை மறித்தது. நிமிர்த்திப் பார்த்தான், சாய்த்துப் பார்த்தான். நாற்காலி உள்ளே வரவில்லை. கடைசியில் வாசற்படியிலேயே போட்டு, பாதி உள்ளேயும் பாதி வெளியேயுமாக உட்கார்ந்துகொண்டான். அங்கே உட்கார்ந்தால் வலது ஸ்பீக்கர் மட்டும்தான் காதில் விழும். அது அவனுக்குத் தெரியவில்லை. தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டிருந்தான்.

மேசையை நகர்த்த இரண்டு ஆள் வேண்டும். அனுசியா ஒரு தடவை மேசையைப் பார்த்தாள், ஒரு தடவை அவனைப் பார்த்தாள். கையிலிருந்த ரவிக்கைக்கு இன்னும் கழுத்துப் பட்டி வைக்க வேண்டியிருந்தது. அவள் எழுந்திருக்காமல் மிஷினை மிதித்தாள்.