உம்மா மாற்றிய தண்ணீர்

ஆய்விலும் தலைமைத்துவத்திலும் கெட்டிக்காரப் பிள்ளைகளுக்கென்று பல்கலைக்கழகம் கொடுக்கும் புலமைப்பரிசில் எனக்குக் கிடைத்தது. எங்கள் ஊரான கற்பிட்டியின் வெங்காயத் தோட்டக் கிணறுகளில் உரம் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று பார்ப்பதே என் ஆய்வு. கிணற்றுக்கு ஒரு போத்தலாக நிரப்பி, பஸ் வரும்வரை வீட்டில் வைத்திருந்து கொண்டுபோனேன்.

முடிவைப் பார்த்த என் ஆய்வு மேற்பார்வையாளர் மேடம் முகம் சுளித்தார். "இந்தத் தண்ணீர் கைக்குழந்தைகளுக்கு நஞ்சு, மர்ளியா. ஆனால் எல்லாக் கிணறும் எப்படி ஒரே அளவாக இருக்கும்?"

ஆத்திரத்தோடு வீட்டுக்கு வந்தேன். எனக்கு மூத்தவளான ராத்தாவின் கைக்குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு உம்மா குசினியில் அடுப்பருகே இருந்தார்.

"என்ட போத்தல்களத் தொட்டது யாரு உம்மா?"

"நான்தான் மகள். அந்தத் தண்ணியெல்லாம் கலங்கிக் கெடந்திச்சு. கெம்பஸ்காரங்க நம்ம ஊரப் பத்தி என்ன நினைப்பாங்க? எல்லாத்தையும் ஊத்திட்டு, நம்ம கிணத்துத் தண்ணிய நிரப்பி வெச்சேன்."

நம்ம கிணறு. பளிங்குபோல் தெளிந்த தண்ணீர். நோன்பு திறக்க ஊரே வந்து அள்ளிப்போகும் தண்ணீர்.

பிள்ளையின் வாயிலிருந்த, பால்மா கரைத்த போத்தலைப் பிடுங்கினேன்.

அது காலியாக இருந்தது.