நடைவழியில் கட்டிய நூல்

மருத்துவமனை இன்னும் அரைகுறையாகத்தான் நின்றது. கணினிக்குள் மட்டும் முழுசாக எழும்பிவிட்டது. அதை மாதிரி என்பார்கள். அதைப் பார்த்துக்கொள்ளும் பொறியாளரை மாதிரி மேடம் என்பார்கள். ஒவ்வொரு கான்ட்ராக்டரும் தன் வேலை எங்கே வரும் என்பதை அதில் வைக்க வேண்டும்; ஒருவருக்குத் தெரிந்தது எல்லோருக்கும் தெரிய வேண்டும். ஏற்பாடு என்னவோ அருமையானதுதான். முதலில் வைத்தவருக்கே இடம் என்று தலைமைப் பொறியாளர் ஒரு விதியைச் சேர்த்தாரே, அங்கேதான் வந்தது வினை.

அன்று முதல், பஸ் சீட்டில் துண்டு போடுவதுபோல் மாதிரியில் ஆளாளுக்குக் குழாய் போட்டார்கள். தேவையோ இல்லையோ, பெரிதாகப் போட்டார்கள். எல்லாவற்றுக்கும் அடியில்தான் சீலிங் வர வேண்டும் என்பதால், கீழ்த்தள நடைவழியில் அது நாளுக்கு நாள் இறங்கிக்கொண்டே வந்தது. எதுவும் எதன்மேலும் மோதவில்லை. மோதினால் தெரியும் சிவப்பு எங்கேயும் இல்லை. சலைன் பாட்டிலைத் தொங்கவிட்டு ஸ்ட்ரெச்சரைத் தள்ளிப்போகத்தான் வழியில்லை. நோயாளியை யாரும் மாதிரியில் வைக்கவில்லையே!

மேடத்தை உறுத்தியது ஏசிக்கான காற்றுக்குழாய். அதில் பாதி வெறுமனே சீட்டுக்குப் போட்ட துண்டுதான் என்று அவருக்குத் தெரியும். ஏசி கான்ட்ராக்டர் அவருடைய சொந்தத் தம்பி. வாயைத் திறந்தால் தம்பிக்குக் கிடைத்த முதல் பெரிய வேலை போய்விடும். திறக்காவிட்டால் இனி யாரும் மாற்ற முடியாதபடி மாதிரியைப் பூட்டிவிடுவார்கள், சீலிங்கும் அந்த உயரத்திலேயே வந்துவிடும்.

பூட்டுகிற நாளன்று கூட்டத்தை நடைவழியிலேயே வைத்தார். மாதிரி சொல்லும் உயரத்தில் சுவருக்குச் சுவர் நூல் கட்டும்படி தச்சரிடம் சொல்லியிருந்தார். வந்தவர்கள் அதன் அடியில் குனிந்துகொண்டு, கெத்துக் குறையாமல் பேசினார்கள்.

“அவர் எடுக்கட்டும், நானும் எடுக்கறேன்,” என்றார் பிளம்பிங் கான்ட்ராக்டர்.

“நான் எதுக்கு முதல்ல எடுக்கணும்?” என்றார் மின்சாரக் கான்ட்ராக்டர்.

தலைமைப் பொறியாளர் கடைசியாக வந்தார். குள்ளமான மனிதர். நூலுக்கு அடியில் ஜம்மென்று நிமிர்ந்து நின்றார்.

“எனக்கு ஒண்ணும் இடிக்கலையேம்மா. பூட்டிடலாமே?”

மேடத்துக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. “என் தம்பி போட்டதுல பாதி சும்மா இடம் பிடிக்கத்தான் சார். மத்தவங்களும் உண்மையைச் சொல்லிடுங்க.”

மற்றவர்கள் உச்சுக்கொட்டினார்கள், அவ்வளவுதான். தம்பி குனிந்தபடியே அக்காவைப் பார்த்தான். அவன் குழாயைப் பாதியாக்கச் சொன்ன தலைமைப் பொறியாளர், வேலை அவனுக்கு உண்டா இல்லையா என்று யோசித்துச் சொல்வதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

மேடம் அலுவலகத்துக்கு ஓட்டமும் நடையுமாக வந்து, மாதிரியில் குழாயைப் பாதியாக்கிவிட்டு ஒரு வாய் தண்ணீர் குடித்தார். திரும்பித் திரையைப் பார்த்தால், தம்பி விட்ட இடத்தில் மின்சாரக் கேபிள் தட்டு ஒன்றும் கழிவுநீர்க் குழாய் ஒன்றும் பாந்தமாக உட்கார்ந்திருந்தன. கையிலிருந்த ஃபோனிலேயே போட்டிருக்கிறார்கள், படுபாவிகள். சிவப்பு எங்கேயும் இல்லை.

ஃபோன் அடித்தது. தம்பி.

“தச்சர் கேக்கறார். நூலை எவ்வளவு மேல ஏத்திக் கட்டணும்க்கா?”

மேடத்துக்கு அழுகை வந்தது.

“ஏத்த வேணாம்டா,” என்றார். “குனிஞ்சே வெளிய வந்துடு.”