குழாய்ச் சத்தம்

கார் ஓட்டக் கற்றுத்தருகிற வாத்தியாருக்கு வாயில் இருந்தது ஒரே மந்திரம்: "டென்ஷன் ஆகாதீங்க." நடுரோட்டில் வண்டி நின்றுபோய், பின்னால் நாலு பேர் ஹாரன் அடித்தாலும் அதேதான். தன் காலடியில் இன்னொரு பிரேக் இருக்கிற தைரியம். அவருக்கென்ன, சொல்லிவிடலாம்.

அதை வீட்டுக்கும் கொண்டுபோனதுதான் வினை. குழந்தைக்காக எடுத்த சிகிச்சையில், ஆஸ்பத்திரியில் மனைவியின் கருப்பையில் கருவை வைத்து அனுப்பிய நாளிலிருந்து, அவளைச் சிரிக்க வைப்பதைத் தன் டியூட்டியாக எடுத்துக்கொண்டார். டிவியில் எந்நேரமும் காமெடி. அவள் முகம் கொஞ்சம் வாடினால் போதும், "இப்படி இருந்தா எப்படித் தங்கும்?" அவளும் சிரித்தாள். குளியலறைக்குப் போனால் மட்டும் குழாய் வெகுநேரம் ஓடியது. தண்ணீர் வீணாகிறதே என்று அதற்கும் ஒரு சத்தம் போட்டார், புண்ணியவான்.

கரு தங்கவில்லை. "கண்டதையும் நினைச்சு மனசைப் போட்டுக் குழப்பிக்கிட்ட, அதான்," என்றார். இனி சிகிச்சையே வேண்டாம் என்று மட்டும் சொன்னாள். இன்று அதைச் சொல்லத்தான் இருவரும் டாக்டரம்மா முன்னால் உட்கார்ந்திருந்தார்கள்.

"ஏம்மா வேண்டாங்கறீங்க?"

"என்னால அழாம இருக்க முடியல டாக்டர். மறுபடியும் நானே கெடுத்துடுவேன்."

டாக்டரம்மா பேனாவை மூடி வைத்தார். "கவலை தூக்கத்தைக் கெடுக்கும், ஆளை வாட்டும். தாங்க முடியாம சில பேர் சிகிச்சையவே விட்டுடுவாங்க, இப்ப நீங்க கிளம்பின மாதிரி. அதுக்குத்தான் மனசைப் பாத்துக்கணும். மத்தபடி, பெரும்பாலும் கருவுலேயே குறை இருக்கும். நீங்க அழுததால போச்சுன்னு யாரும்மா சொன்னது?"

வாத்தியாருக்குக் காது சூடாகிவிட்டது.

"யாரோ சொன்னாங்க," என்றாள் அவள், அவர் பக்கம் திரும்பாமலே.

காட்டிக்கொடுத்திருந்தால்கூடத் தேவலை. நாற்காலியோடு தரைக்குள் போய்விடலாம் போலிருந்தது அவருக்கு. 'நான்தான்' என்று சொல்ல ஒரு நொடி போதும். சொல்லவில்லை.

வெளியே ஹாலில் வந்து உட்கார்ந்ததும் போன் அடித்தது. அவருடைய அம்மா. அம்மாவுக்குக் காது மந்தம். பேசினால் பத்துப் பேருக்குக் கேட்கும்.

"என்னடா, டாக்டர் அவளைத் திட்டினாங்களா? நீதான சொன்ன, அழுது அழுதே கெடுத்துக்கிட்டான்னு!"

எதிர் வரிசையில் இருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். பக்கத்தில் அவள் அசையவில்லை.

"அம்மா, நான் சொன்னது தப்பு."

"என்னது? கேக்கலடா!"

"நான் சொன்னது தப்பு! அவ மேல ஒரு குத்தமும் இல்ல! நான்தான் வாய்க்கு வந்தபடி பேசிட்டேன்!" காது மந்தமான அம்மாவுக்கு அதையும் கத்தித்தான் சொல்ல வேண்டியிருந்தது. போனை வைத்தார்.

"உங்க அம்மாகிட்டயுமா?" என்றாள்.

"அக்காகிட்டயும்."

அவள் அழுதாள். குழாய் இல்லை, கதவு இல்லை. ஹால் முழுக்கக் கேட்கும்படி அழுதாள். பழக்கதோஷத்தில் வாத்தியார் வாயைத் திறந்தார். பிறகு மூடிக்கொண்டார்.