ஏழாம் பங்கேற்பாளர்

…கட்டுரையில் பெயரைத்தான் மாற்றியாயிற்றே, வயதைக்கூட மூன்று கூட்டிப் போட்டாயிற்றே, யார் கண்டுபிடிக்கப் போகிறார்கள் என்று படியேறும்போது தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள், ஆனால் அக்கா கதவைத் திறந்து, "வாங்க ஆராய்ச்சியாளரே" என்று சிரித்ததும் அந்தச் சமாதானம் செருப்போடு வாசலிலேயே நின்றுவிட்டது. கட்டில் முழுக்கத் துவைத்துக் காய்ந்த துணி. "மெதுவாப் பேசு, இப்பதான் தூங்குறான்." உள்ளறைக் கதவு ஒருக்களித்திருந்தது, போர்வைக்கு வெளியே குட்டிக் கால் ஒன்று. அவளும் ஒரு சட்டையை எடுத்து மடித்தாள்… கைக்கு வேலை இருந்தால் வாய் தானாகத் திறக்கும் என்று பேராசிரியை சொல்வார், நேர்காணல் வகுப்பில். பைக்குள் தொலைபேசி அதிர்ந்தது, அந்தப் பேராசிரியையேதான், இதழிலிருந்து வந்த அச்சுப்படிக்கு ஒப்புதல் கொடுத்தாயா, இன்றே கடைசி. உளவியல் முதுகலை மாணவிக்கு இப்படியோர் இதழ் லேசில் வாய்க்காது, தலைப்பே பாதிக் கட்டுரை என்று புகழ்ந்திருந்தார்கள். தலைப்பு… அதை அவளா எழுதினாள்?

இளம் தாய்மார்களின் களைப்பைப் பற்றிய ஆய்வு. எல்லாரும் சம்மதம் கொடுத்துத்தான் பேசினார்கள், ஏழாவது பெண் மட்டும் கடைசி நேரத்தில் வேண்டாமென்று விலகிவிட்டாள், இடம் காலி, அந்த வாரம்தான் அக்கா இதே வீட்டுச் சமையலறையில், வெங்காயம் நறுக்கிக்கொண்டே, சுவரிடம் சொல்வதுபோல், "அவன் தூங்கும்போது மட்டுந்தான்டி அவன்மேல பாசம் வருது" என்றாள். இவள் என்ன செய்தாள்? குளியலறைக்குப் போய்த் தாழிட்டு, மறப்பதற்குள் தொலைபேசியில் தட்டி வைத்துக்கொண்டாள். திருட்டா அது? காதில் தானாக விழுந்ததுதானே? சொந்த அக்காதானே? சின்ன வயதில் அவள் பாவாடையைக் கேட்காமல் எடுத்து உடுத்தியதுபோல்தானே இதுவும்… இல்லை, பாவாடையைத் திருப்பிக் கொடுத்துவிடலாம். காலியான அந்த ஏழாம் இடத்துக்காக ஆங்கிலத்தில் பெயர்த்ததும் அது அக்காவின் பேச்சு மாதிரியே இல்லை, அந்தத் துணிச்சலில்தான் கீழே இரண்டு பத்தி விளக்கமும் எழுதினாள், தாய்க்கும் சேய்க்கும் இடையே தோன்றும் தற்காலிக விலகல் என்று, எவ்வளவு சுத்தமான சொற்கள்.

"சரி, படி. எனக்குப் புரியற மாதிரி தமிழ்ல சொல்லு" என்றாள் அக்கா, பையிலிருந்து எட்டிப்பார்த்த கட்டுரையைக் காட்டி. இவள் அனுமதி கேட்கத்தான் வந்தாள், முடியாது என்றால் எடுத்துவிடலாம், எடுத்தால் கட்டுரையில் என்ன மிஞ்சும், முதலில் கொஞ்சம் படித்துவிட்டுக் கேட்கலாம், இந்தப் பக்கம் முடியட்டும், அடுத்த பக்கம் முடியட்டும்… ஏழாம் பங்கேற்பாளர் வந்த இடத்தையெல்லாம் தாண்டித் தாண்டிச் சொன்னாள். "எல்லாம் சரி, தலைப்பு என்னன்னு சொல்லவே இல்லையே?" ஒரு பொய் போதும், ஏதாவது ஒரு வறட்டுத் தலைப்பு, நாக்கு நுனிவரை வந்தது, ஆனால் வாய் உண்மைத் தலைப்பையே சொல்லிவிட்டது. தமிழுக்குத் திரும்பியதும் அந்த வாக்கியம் அக்காவின் குரலையே எடுத்துக்கொண்டது, நடுவில் அந்த 'டி' மட்டும்தான் இல்லை.

அக்காவின் கை நிற்கவில்லை. ஒரு நீலக் காலுறையையும் சாம்பல் காலுறையையும் ஜோடி சேர்த்தாள், பிரித்தாள். "பாவம்" என்றாள். "யாரு அது?"

"பேரு சொல்லக் கூடாதுக்கா."

"ம்… அவ அப்படிச் சொன்னாளே, அதுக்கப்புறம் அவகிட்ட யாராவது ஏதாவது கேட்டாங்களா?"

தெரிந்து கேட்கிறாளா, தெரியாமல் கேட்கிறாளா? இத்தனை வருடப் படிப்பு, கூடப் பிறந்தவள் முகத்தைப் படிக்க உதவவில்லை. கேட்டோம் என்று சொல்லிவிடலாமா… என்ன கேட்டோம்? அன்றைக்குக் குளியலறையிலிருந்து வெளியே வந்தபோது அக்கா கத்தியைக் கீழே வைத்துவிட்டு இவளையே பார்த்தபடி நின்றிருந்தாள், ஆமாம், நின்றிருந்தாள், இவள்தான் அவசரமாக "பசிக்குதுக்கா, ஆச்சா?" என்றாள். அக்கா அடுப்பைப் பற்றவைத்தாள். அவ்வளவுதான்.

"அக்கா…"

"என்ன?"

உள்ளே கட்டில் முனகியது, "அம்மா" என்று தூக்கம் கலையாத குரல். தொலைபேசி மறுபடி அதிர்ந்தது, இவள் எடுக்கவில்லை. அக்கா மடியிலிருந்த துணிகளை ஒதுக்கிவிட்டு எழுந்து போனாள், கதவைத் தள்ளுவதற்கு முன் கைப்பிடியில் கை வைத்தபடி, கண்ணை மூடி, மூச்சை இழுத்துக்கொண்டு ஒரு கணம் நின்றாள், பிறகு முகத்தில் ஒரு சிரிப்பை வரவழைத்துக்கொண்டு உள்ளே போனாள். எத்தனை முறை இந்த வீட்டுக்கு வந்திருக்கிறாள், அக்கா அந்தக் கதவுக்கு முன்னால் இப்படி நிற்பாள் என்பதை மட்டும் ஒருமுறைகூடப் பார்த்ததில்லையே…