பக்கத்து சீட்டுக்கு பிரேக் கிடையாது

டிரைவிங் ஸ்கூல் மாஸ்டரின் மனைவிக்கு வண்டி ஓட்டத் தெரியாது என்றால் யார் நம்புவார்கள்? ஆனால் போன வருஷம் வரைக்கும் உண்மை அதுதான். முப்பது வருஷமாக ஸ்கூல் ஆபீஸில் உட்கார்ந்து, வருகிறவர்களுக்கு விண்ணப்பம் நிரப்பி, போட்டோ ஒட்டி, பயந்து நடுங்குகிறவர்களுக்குத் தண்ணீர் கொடுத்துத் தெம்பு சொல்லி அனுப்பியவள் அவள். எல்லாருக்கும் அவள் ஆபீஸ் அக்கா. ஊரில் பாதிப் பேர் ஓட்டுவது அவள் நிரப்பிய பாரத்தின் புண்ணியத்தில்தான்.

கல்யாணமான புதிதில் மாஸ்டர் அவளுக்கு மூன்று நாள் கற்றுக்கொடுத்தார், இல்லை என்று சொல்லவில்லை. பயிற்சி வண்டியில் மாஸ்டர் காலடியிலும் ஒரு பிரேக் இருக்கும். தெருமுனையில் ஒரு நாய் தலையைக் காட்டினால் போதும், அக்காவின் கால் பிரேக்குக்குப் போவதற்குள் வண்டி நின்றிருக்கும். "பிரேக் எங்கம்மா? கால் எங்க போச்சு?" என்று ஒரு சத்தம் வேறு. மூன்றாம் நாள் சாயங்காலம், "உனக்கு இது சரிப்பட்டு வராது, நீ ஆபீஸைப் பாத்துக்கோ" என்று சொல்லிவிட்டார். அவளும் நம்பிவிட்டாள். அதை நினைத்தால்தான் எனக்கு இன்றைக்கும் ஆத்திரம் ஆத்திரமாக வருகிறது.

வருஷா வருஷம் ஊரில் பழைய வண்டிகளின் ஊர்வலம் நடக்கும். அக்காவின் அப்பா விட்டுப்போன கறுப்புக் கார் அதில் கட்டாயம் இருக்கும். ஓட்டுவது மாஸ்டர், பக்கத்தில் உட்கார்ந்து கையசைப்பது அக்கா. இந்த வருஷம் மாஸ்டருக்குக் கண் ஆபரேஷன். ஒரு மாசத்துக்கு ஸ்டியரிங்கைத் தொடக் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

"பேரைக் கொடுத்தாச்சு. இப்போ வரலைன்னு எப்படிச் சொல்றது?" என்று மாஸ்டர் புலம்பினார்.

"ஏன் சொல்லணும்? நான் ஓட்டுறேன்" என்று சொல்லி, பர்ஸிலிருந்து லைசென்ஸை எடுத்துச் சாப்பாட்டு மேஜையில் வைத்தாள் அக்கா.

கறுப்புக் கண்ணாடியைத் தூக்கிக்கொண்டு மாஸ்டர் அதையே பார்த்தார். "இது எப்போ?"

"போன வருஷம்."

"யார்கிட்ட கத்துக்கிட்டே?"

"மூணாவது தெரு அம்மாகிட்ட."

மூன்றாவது தெருவில் ஒரு அம்மா நடத்துகிற இன்னொரு டிரைவிங் ஸ்கூல் இருக்கிறது. அதன் பேரை எடுத்தாலே மாஸ்டருக்குச் சோறு இறங்காது. "முட்டி வலிக்கு எக்சர்சைஸ்னு தினம் போனியே…"

"முட்டிக்கும் நல்லாத்தான் இருந்துச்சு."

மனுஷர் இரண்டு நாள் உம்மென்று இருந்தார். மூன்றாம் நாள் அவரே மெக்கானிக்குக்கு போன் போட்டு, அக்காவைப் பழைய காரில் பழக்கிவிடச் சொன்னார். ஒரு வாரம் காலையில் மைதானத்தைச் சுற்றிச் சுற்றி வந்தாள். கிளம்பும் நாளில் ஒரே ஒரு கண்டிஷன் போட்டாள். "ஆரம்பத்துலேருந்து முடிவு வரைக்கும் நான்தான் ஓட்டுவேன். குறுக்கே கை வச்சீங்கன்னா, அங்கேயே இறங்கி நடந்து வீட்டுக்குப் போயிடுவேன். இன்னொரு தடவை சாவியைத் தொடமாட்டேன்."

"வைக்கமாட்டேன்மா" என்று இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் சொருகிக்கொண்டார்.

கைக்குத்தானே கண்டிஷன்? கால் யார் பேச்சைக் கேட்கும்! முன்னால் போன பழைய பால் வண்டி நின்றபோதெல்லாம் மாஸ்டரின் வலது கால் தரையை ஓங்கி மிதித்தது. அந்தப் பக்கம் என்ன இருக்கிறது, வெறும் பலகைதான். அவள் பாட்டுக்கு நிறுத்துவாள், அவர் பாட்டுக்கு மிதிப்பார். அக்காவுக்குக் கோபமும் வந்தது, சிரிப்பும் வந்தது. பேக்கரி வாசலில் மிதித்த மிதியில் பலகை 'படக்' என்று உடைந்து, மாஸ்டரின் கால் கணுக்காலுக்கு மேல்வரை உள்ளே போய்விட்டது. கீழே பார்த்தால் ரோடு தெரிகிறது, ரோட்டுக்கு ஒரு சாண் மேலே அவருடைய ஷூ தொங்குகிறது.

"ஐயையோ! நிறுத்தட்டுமா?"

"வேணாம், நீ ஓட்டு. அடிபடலை. ஷூதான் மாட்டிக்கிச்சு" என்று முட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டார். நடைபாதையில் ஒரு கூட்டமே காரைப் பார்ப்பதை விட்டுவிட்டு அந்த ஷூவைப் பார்த்துச் சிரித்தது.

அடுத்தது பாலம். ஏற்றத்தில் பாதி ஏறியதும் பால் வண்டி மூச்சடைத்து நின்றுவிட்டது. அக்கா ஹேண்ட் பிரேக்கை இழுத்தாள். கண்ணாடியில் பார்த்தால் பின்னால் பேண்டு வாத்தியக்காரர்கள், பெரிய டிரம்மோடு ஒட்டிக்கொண்டு நிற்கிறார்கள். கொஞ்சம் பிசகினாலும் டிரம் போச்சு, மானமும் போச்சு. பக்கத்தில் மாஸ்டருக்குக் கை தொடைக்கு அடியில், கால் பலகைக்கு அடியில்.

பால் வண்டி நகர்ந்தது. அக்கா கிளட்சை மெல்ல விட்டு, எஞ்சின் இழுக்கிறதைக் காலில் உணர்ந்த பிறகு ஹேண்ட் பிரேக்கை இறக்கினாள். கார் ஒரு விரற்கடை பின்னால் போனது. பிறகு முன்னால் ஏறியது. பாலத்தின் அந்தப் பக்கம் இறக்கத்தில் பால் வண்டி மறுபடியும் திடீரென்று நிற்க, கார் குலுங்காமல் நின்றது.

மாஸ்டர் மாட்டிக்கொண்ட காலையே பார்த்துக்கொண்டிருந்தார். "நான் மிதிக்கலையே" என்றார்.

"நான்தான் மிதிச்சேன்."

அக்காவுக்கு எங்கிருந்தோ கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "அன்னைக்கும் நான் மிதிச்சிருப்பேங்க. நீங்க ஒரு தடவையாவது என்னை விட்டிருந்தா எனக்கே தெரிஞ்சிருக்கும். முப்பது வருஷம், நமக்குக் கால் பிரேக்குக்குப் போகாதுன்னே நினைச்சுக்கிட்டு இருந்துட்டேன்."

பால் வண்டி கிளம்பியது. அவளும் கிளம்பினாள். வெகுதூரம் போன பிறகு மாஸ்டர், "தப்புதான்மா" என்றார். சத்தமில்லாமல்தான் சொன்னார், ஆனாலும் சொன்னார்.

ஊர்வலம் முடிந்த மைதானத்தில் இரண்டு பேர் சேர்ந்து ஷூவைக் கழற்றி, காலை மேலே எடுத்தார்கள். கிண்டல் ஒரு பக்கம், கைதட்டல் ஒரு பக்கம். வீட்டுக்குக் கிளம்பும்போது மாஸ்டர் முன் கதவைத் திறக்காமல் பின் கதவைத் திறந்தார்.

"ஏன், என்னாச்சு?"

"நான் பின்னாடி உட்காந்துக்கறேன். நீ போ."

பாலத்தைத் தாண்டும்வரை பின்னாலிருந்து பேச்சே இல்லை. கோபித்துக்கொண்டாரோ என்று அக்கா கண்ணாடியை நிமிர்ந்து பார்த்தாள். அடுத்தவர் ஓட்டுகிற வண்டியில் ஒரு நாளும் கண்ணை மூடாத மனுஷர், வாயைப் பிளந்துகொண்டு தூங்கிக்கொண்டிருந்தார். அக்காவுக்குக் கண்ணில் நீர் முட்டியது. எதிரே சிக்னல் சிவப்புக்கு மாறியது. அவர் விழித்துவிடக் கூடாதே என்று பிரேக்கை மெல்ல மெல்ல அழுத்தி நிறுத்தினாள்.