மூன்றாவது வரிசை

ஊருக்கு இருப்பதே ஒரு ஓடைதான். அதைச் சுரங்கத்துக்குத் திருப்புவது பற்றி மக்களிடம் கருத்துக் கேட்க, தலைநகரமான லா பாஸிலிருந்து ரெனான் என்ற அதிகாரி வந்திருந்தார். அவர் கேட்டது இதுதான்: குழாயில் கொண்டுபோகலாமா, கால்வாயிலா? கொண்டுபோகலாமா, கூடாதா என்று கேட்கவே இல்லை. தலையை வெட்டிவிட்டு எந்தத் தொப்பி பிடிக்கும் என்று கேட்கும் சாமர்த்தியம் தலைநகரத்துக்காரர்களுக்குத்தான் வரும்.

ஊர்க்காரர்களோடு சிப்ரியானாவும் உட்கார்ந்திருந்தாள். அவளுடைய உருளைக்கிழங்கு வயலும் லாமா மந்தையும் அந்த ஓடையை நம்பித்தான் இருந்தன. அது போனால் நகரத்துக்குப் போய் யார் வீட்டுத் துணியையாவது துவைக்க வேண்டியதுதான்.

அந்த ஊரில் கைதூக்கி வாக்களிக்கும் வழக்கமில்லை. யாரை ஆதரிக்கிறார்களோ அவர் பின்னால் போய் வரிசையாக நிற்பார்கள். ரெனான் அதையும் விசாரித்துக்கொண்டுதான் வந்திருந்தார். குழாய்க்கு ஒருவர், கால்வாய்க்கு ஒருவர் என்று தன் உதவியாளர்களை நிறுத்தினார்.

"சீக்கிரம் நில்லுங்க. யாரும் நிக்கலன்னா ஆட்சேபணை இல்லன்னு எழுதிடுவேன்."

சிப்ரியானா எழுந்து, சாலைக்குக் குறுக்கே போய் நின்றாள்.

"அது எந்த வரிசைம்மா?"

"ஓடையத் தரமாட்டோம்ங்கிற வரிசை."

"அப்படி ஒண்ணு கிடையாதே."

"இப்ப இருக்குய்யா. கண்ணு தெரியலையா?"

சிரித்தார்களே தவிர யாரும் அசையவில்லை. ஊர்த்தலைவர் ஃபெர்மின் அவளுடைய கொழுந்தனார். பள்ளிக்கூடத்துக்குப் புதுக் கூரை போட்டுத் தருவதாக ரெனான் சொன்னதில் மயங்கி, கால்வாய்ப் பக்கம் நின்றுகொண்டிருந்தார்.

"கொழுந்தனாரே, தாகமெடுத்தா பிள்ளைங்க எதக் குடிக்கும்? உங்க கூரையையா?"

ஃபெர்மின் தரையைப் பார்த்தார். பிறகு முணுமுணுத்துக்கொண்டே வந்து அவள் பின்னால் நின்றார். அதற்குப் பிறகு ஊரே வந்தது. ரெனானின் ஜீப் போக வழியில்லாதபடி வரிசை நீண்டது.

"என்னம்மா இது! இது ஏற்கெனவே முடிவான விஷயம்!" ரெனான் வாய்தவறிக் கொட்டிவிட்டார்.

"கல்யாணத்த முடிச்சிட்டு வந்து பொண்ணு கேக்கிறீங்களா?"

மலைக்காற்று எலும்பைக் குத்தியது. ஆனால் வரிசை கலையவில்லை. கடைசியில் ரெனான் பேனாவை எடுத்தார்.

"சரி, வேண்டாம்னே எழுதறேன். ஆனா இந்தத் தாள்ல இருக்கிற கேள்விக்கு அது பதிலே இல்லையேம்மா?"

"அப்ப அந்தக் கேள்விய அடிங்க," என்றாள் சிப்ரியானா. "வேற கேள்வி நாங்க சொல்றோம், எழுதுங்க."