பொன்னி உட்காரும் கல்

கீழ்புத்துப்பட்டுக்கு உள்ளே திரும்பும் சாலையில், தமிழ்நாடு முடிந்து புதுச்சேரி தொடங்கும் இடத்தில், முழங்கால் உயரத்துக்கு ஓர் எல்லைக்கல் இருந்தது. தட்டையான தலை. மரக்காணம் உப்பளத்துக்கு ஆள் ஏற்றிப்போகும் வேன் வரும்வரை பொன்னி தினமும் அதில்தான் உட்காருவாள். இருபது வருடம் உப்புத் தண்ணீரில் நின்ற கால்கள். நிற்கச் சொன்னால் கேட்காது.

ஒரே இடைஞ்சல், பாண்டியில் குடித்துவிட்டு வருகிறவர்கள். எல்லையைத் தாண்டியதும் அந்தக் கல்லைப் பார்த்துத்தான் வண்டியை நிறுத்துவார்கள். காலையில் கல் ஈரமாக இருக்கும். ஒரு வெள்ளிக்கிழமை பொன்னி கல்லைக் கழுவி, மஞ்சள் பூசி, மூன்று குங்குமப் பொட்டு வைத்தாள். அன்றிலிருந்து கல் காய்ந்தே இருந்தது.

அவளால்தான் உட்கார முடியவில்லை. நாம் வைத்த பொட்டுதானே என்று இரண்டு முறை குனிந்தாள். இரண்டு முறையும் உடம்பு தானாக நிமிர்ந்துகொண்டது. யாருக்குப் பயப்படுகிறோம் என்று யோசித்தாள். தனக்கேதான் என்று தோன்றியபோது எரிச்சலாக வந்தது.

அடுத்த வாரம் யாரோ எலுமிச்சை மாலை போட்டார்கள். பிறகு ஒரு சூலம் வந்தது. வேன் ஓட்டும் மணிவண்ணன் கல்லருகே செருப்பைக் கழற்றத் தொடங்கினான்.

"அது நான் வச்ச பொட்டுப்பா," என்றாள் பொன்னி.

"நீ எங்கக்கா வச்ச? ஆத்தா உன்ன வைக்க வச்சிருக்கா. சுத்தி கம்பி வேலி போடப்போறோம். ஒருத்தரும் கிட்ட வர முடியாது."

பொன்னிக்கு முழங்கால் விண்ணென்று தெறித்தது.

"ஏம்பா, ராத்திரி கனவுல வந்தா."

மணிவண்ணன் இன்ஜினை அணைத்தான். "என்ன சொன்னா?"

"வேலி வேணாமாம். மேடை கேக்குறா. முழங்கால் உசரம், நல்லா அகலமா. வேலைக்குப் போற பொம்பளைங்க பக்கத்துல உக்காந்து பேசணுமாம். தனியா கெடக்குறாளாம்."

வேனுக்குள்ளிருந்து சரஸ்வதி எட்டிப்பார்த்தாள். "முதுகு சாய எதுனா கேட்டாளாக்கா?"

"அதுக்குள்ள முழிச்சிட்டேன்டி."

பத்தாம் நாள் மேடை காய்ந்தது. முதலில் உட்கார்ந்தவள் பொன்னிதான்.

"பொய்தான் சொன்னேன். கோச்சுக்காத," என்று கல்லிடம் மெதுவாகச் சொன்னாள். கல் தனியாகக் கிடந்தது மட்டும் உண்மை என்று பட்டது. தூக்குவாளியை இருவருக்கும் நடுவில் வைத்துவிட்டு, அவள் மேல் படாதபடி காலைப் புதுச்சேரிப் பக்கம் நீட்டிக்கொண்டாள்.